கிடர்பூர் வாலிபரின் கால அட்டவணை

இரயில்வேக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருப்போருக்குக் கால அட்டவணை புதிதன்று. வண்டி புறப்படும் நேரம், சேரும் நேரம், இடையில் நிற்கும் நிமிஷம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ஆயினும் பழைய கடிதம் ஒன்றில் அண்மையில் நாம் கண்ட அட்டவணையைப் போன்ற ஒன்றை இதுகாறும் கண்டதில்லை. அது வண்டிக்காக வகுத்ததன்று. இருபத்தைந்து பிராயமுள்ள ஒரு வாலிபர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டது. காலை 6 முதல் 8 வரை ஹீப்ரு மொழி. 8 முதல் 12 வரை பள்ளிக்கூட உத்தியோகம். 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் சமஸ்கிருதமும். 5 முதல் 7 வரை இலத்தீன். 7 முதல் 10 வரை ஆங்கிலம். கூட்டிப் பார்த்தால் பதினாறு மணி நேரம் ஆகிறது. உணவுக்கென்று இடையில் ஒரு நிமிஷமேனும் ஒதுக்கப்படவில்லை. இப்படியோர் அட்டவணையைக் கோப்பில் வைத்து மேலே அனுப்பினால் எந்த அதிகாரியும் கையெழுத்திட மாட்டார்.

இக்கடிதம் 1849-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு எழுதப்பட்டது. எழுதியவர் நமது கிடர்பூர்வாசி. வங்க மொழியின் மகாகவிகளுள் ஒருவராகப் பிற்காலத்தில் போற்றப்பட்ட மைக்கேல் மதுசூதன தத்தரே அவர். பெற்றவர் கௌர்தாஸ் பசாக் என்னும் அவருடைய கல்லூரித் தோழர். நம்மை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி ஒன்றும் அக்கடிதத்தில் உண்டு. தாம் நாள்தோறும் பல மணி நேரத்தைத் தமிழுக்குச் செலவிடுவதாக அவர் அதில் தெரிவிக்கிறார். அப்படியாயின் அட்டவணையில் தமிழுக்கு ஒரு வரி இருக்கவேண்டுமே என்று இருமுறை தேடினோம், இல்லை. இரவு பத்து மணிக்கு மேலோ, பசியாற வேண்டிய வேளையிலோதான் அவர் நம் மொழியைப் படித்திருத்தல் வேண்டும்.

கிடர்பூரில் குடியிருக்கும் நம்மவர் இக்கவிஞரின் பெயரைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. ‘கவிதீர்த்த சரணி’ என்று இங்கே ஒரு வீதிக்குப் பெயர் இருக்கிறது. மதுசூதனர், ரங்கலால், ஹேமசந்திரர் ஆகிய கவிஞர்களின் வாழ்வோடு தொடர்புடையது இவ்வூர். 1902 மார்ச் 27-ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து இவ்வூருக்குத்தான் கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் ஓடிற்று என்பதை நம்மவர் பெருமையோடு சொல்லுவர். 2020-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் அத்தடத்தில் டிராம் ஓடுவதில்லை என்பதையும் பெருமூச்சோடு சேர்த்துச் சொல்லுவர். ஆனால் மதுசூதனர் காலத்தில் டிராமும் இல்லை, கப்பல் துறையும் இல்லை. அவர் 1824 ஜனவரி 25-ஆம் நாள் ஜெசோர் ஜில்லாவில் சாகர்தாரி என்னும் கிராமத்தில் பிறந்தவர். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் ராஜநாராயண தத்தர் சதர் திவானி நீதிமன்றத்து வக்கீல். தொழிலின் பொருட்டுக் குடும்பத்தைக் கிடர்பூருக்குக் கொண்டுவந்தார். ஆகவே அக்குடும்பமும் பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த குடும்பமே.

தாயார் ஜான்ஹவி தேவி எழுத்தறிந்தவர். கிருத்திவாசரின் வங்க இராமாயணத்தையும் காசிராமதாசரின் வங்க மகாபாரதத்தையும் மகன் அறிந்தது அவ்வம்மையாரிடம். ஆனால் மகன் இந்துக் கல்லூரியில் சேர்ந்தபின் அவருக்கு ஆங்கிலமே உலகமாயிற்று. சீமைக்குச் செல்லவேண்டும், ஆங்கிலக் கவிஞராகவேண்டும் என்பதே அவர் கனவு. தந்தையார் பார்த்த பெண்ணை மணக்க விருப்பமில்லை. 1843 பிப்ரவரி 9-ஆம் நாள், பத்தொன்பது பிராயத்தில், கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார். பின்னர் ஆற்றின் அக்கரையில், சிவபூரில் அப்போதிருந்த பிஷப் கல்லூரியில் கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் கற்றார். அவ்விடத்தில் இன்று பொறியியற் கல்வி நிலையம் இருக்கிறது. சில ஆண்டுகளில் தந்தையார் பொருளுதவியை நிறுத்திவிட்டார். கல்கத்தாவில் தக்க வேலையும் வாய்க்கவில்லை.

இந்நிலையில்தான் அவர் சென்னைக்குக் கப்பலேறினார். 1848 ஜனவரியில் அங்கே இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு பிராயம் நிறைவெய்தும் தறுவாய். இரயில்வே ஊழியர் என்ற முறையில் ஒரு சிறு குறிப்பை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்வோம். இந்தியாவில் பயணிகள் வண்டி முதன்முதல் ஓடியது 1853-இல். ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு 1854-இல். சென்னை இராயபுரத்திலிருந்து 1856 ஜூலை முதல் நாளில். மதுசூதனர் சென்னையை விட்டுத் திரும்பியது அதே 1856 ஜனவரியில். ஆறு மாதம் பொறுத்திருந்தால் சென்னையின் முதல் வண்டியைக் கண்ணாலாவது கண்டிருப்பார். இன்று சிவபூரை அடுத்த ஷாலிமார் நிலையத்தில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறினால் ஒரு நாளும் சில மணி நேரமும் கழித்துச் சென்னையில் இறங்கிவிடலாம். அவருக்கோ கடல் வழியன்றி வேறு வழியில்லை.

சென்னையில் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்றின் பள்ளியில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், அந்நிறுவனத்தின் பெண்கள் பிரிவில் வளர்ந்த ரெபெக்கா என்னும் பெண்ணை மணந்தார். சம்பளம் போதவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார்; ‘திமோதி பென்போயம்’ என்னும் புனைபெயரில் கவிதைகள் வெளியிட்டார். பிருதிவிராஜன், சம்யுக்தை கதையை வைத்து ஆங்கிலத்தில் இயற்றிய ‘தி காப்டிவ் லேடி’ என்னும் காவியத்தை 1849-இல் சென்னையிலேயே அச்சிட்டார். அச்சுக்கூலிக் கடன் கழுத்தை நெரித்தது. கல்கத்தாவில் சந்தாதாரர் சேர்த்துத் தரும்படி கௌர்தாஸுக்கு மேன்மேலும் எழுதினார். விற்பனையோ மிகச் சொற்பம்.

அந்நாட்களில் அவர் எழுதிய மற்றொரு கடிதந்தான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. சென்னைக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டே ஆகியிருந்தது. தாம் வங்க மொழியை வெகு வேகமாக மறந்து வருவதாகவும், காசிராமதாசரின் மகாபாரதத்தையும் கிருத்திவாசரின் இராமாயணத்தையும் ஸ்ரீராம்பூர்ப் பதிப்பில் அனுப்பி வைக்கவேண்டும் என்றும் நண்பருக்கு எழுதுகிறார். வெளியூரில் இருப்பவர் ஊருக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன கேட்பார் என்பதை நாம் அறிவோம். இவர் கேட்டதோ, சிறு வயதில் தாயிடம் அறிந்த அவ்விரண்டு புத்தகங்களை.

பார்சல் விஷயம் நமக்குத் தெரியாததன்று. சென்னை வண்டிகளில் நம்மவர் பெயருக்கு வரும் மூட்டைகளையும் பெட்டிகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அப்பளக் கட்டு, சாம்பார்ப் பொடி, வடகம், முறுக்குத் தகரம், மாவடு ஜாடி எல்லாம் வருகின்றன. ஜாடி உடையாமல் வந்து சேர்ந்தால் அன்று அவ்வீட்டில் திருநாள்தான். புத்தகம் வந்த பெட்டியை எண்ணுவதற்குக் கைவிரல்கள் வேண்டியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாக்கு ஊரை மறப்பதில்லை என்பதற்காக மகிழவேண்டியதே. ஆனால் அதே நாக்கு பேசும் மொழியின் கதி வேறு.

கிடர்பூரிலும் கார்டன் ரீச்சிலும் உள்ள நமது இளைஞர்கள் இரு வகையினர். பரீட்சை எழுதி உத்தியோகம் பெற்றுத் தனியே வந்து சேர்ந்தவர் ஒரு சாரார். பாட்டனார் காலத்தில் துறைமுகத்துக்கோ, பி. என். ஆர். என்ற பெங்கால் நாகபுரி இரயில்வேக்கோ வந்த குடும்பங்களில் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் மற்றொரு சாரார். 1955-இல் தென்கிழக்கு இரயில்வே அமைந்த பின்னும் நம் பெரியவர்கள் வாயில் அது இன்றளவும் ‘பி. என். ஆர்.’ தான்.

முதல் வகையினருள் ஒருவர் நம் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. பிராயம் இருபத்து நான்கு. குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் எழுந்து வாளி நிரப்புவதில் தொடங்குகிறது அவர் நாள். மூவர் சேர்ந்து ஓர் அறை. முறை வைத்துச் சமையல். காரியாலயம் முடிந்து, மழைக்காலமாயின் முழங்கால் நீரில் நடந்து, அறை சேர்ந்து, ரசம் வைத்து, தாயாரோடு தொலைபேசியில் பேசிவிட்டுப் படுக்கிறார். ஒருநாள் அவர் நம்மிடம் கூறினார்: “அண்ணாச்சி, ஆபீஸிலே ஹிந்தி, ஃபைலிலே இங்கிலீஷ், காய்கறிக் கடையிலே வங்காளி. அம்மாகிட்டப் பேசுற கால் மணி நேரந்தான் எனக்குத் தமிழ். அதுவும் சாப்பிட்டியா, தூங்கினியா என்கிறதோட முடிஞ்சிடுது.” அவர் பள்ளியில் தமிழில் பரிசு வாங்கியவர். இப்பொழுது ஊருக்கு ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் சொற்கள் வர மறுக்கின்றன என்கிறார். இங்கு வந்து அவருக்கு இரண்டாண்டு முடியவில்லை.

இரண்டாம் வகையைச் சேர்ந்தவள் வாட்கஞ்சில் வசிக்கும் இருபத்திரண்டு வயதுப் பெண். கல்லூரிப் படிப்பை முடித்துக் கணக்கு வேலை பார்க்கிறாள். தமிழ் சரளமாகப் பேசுவாள். பாட்டியோடு பேசும்போது கேட்டால் தஞ்சாவூர் மண் வாசனை வீசும். ஆனால் எழுத்துத் தெரியாது. மளிகைச் சாமான் பட்டியலை ‘புளி, பெருங்காயம், உளுந்து’ என்று தமிழில் நினைத்து வங்க எழுத்தில் எழுதுகிறாள். நமது மாதப் பத்திரிகை அவ்வீட்டுக்கு வந்தவுடன் பாட்டி உரக்கப் படிப்பார். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். இவ்வாறு பல ஆண்டுகள் நடந்தன. இப்பொழுது பாட்டிக்கு இரு கண்களிலும் பார்வை மங்கிவிட்டது. சென்ற மூன்று மாத இதழ்கள் மேசைமேல் பிரிக்காமல் கிடப்பதை நாமே கண்டோம். அவ்வீட்டில் ஐவர் தமிழ் பேசுகின்றனர். படிக்க வல்லவர் ஒருவருமில்லை. “மாமா, எழுத்துக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்?” என்று அவள் கேட்டபோதுதான் மதுசூதனரின் அட்டவணை நம் நினைவுக்கு வந்தது.

அவருடைய அட்டவணைக்குப் பின்னாலும் ஒரு கேள்வி இருந்தது. ‘தி காப்டிவ் லேடி’யின் பிரதி ஒன்றைக் கௌர்தாஸ் பெத்தூன் துரைக்கு அளித்திருந்தார். கல்கத்தாவில் பெண்களுக்கு அதே 1849-இல் பள்ளி நிறுவிய பெத்தூன் அவர். நூலைப் பார்த்த அவர், இத்துணைத் திறமையுள்ளவர் ஆங்கிலத்தில் எழுதுவதைவிடத் தம் தாய்மொழியை வளப்படுத்துவதே மேல் என்று பதில் எழுதினார். ஆங்கிலக் கவியாகவேண்டும் என்று மதத்தையும் வீட்டையும் துறந்து வந்த வாலிபருக்கு ஓர் ஆங்கிலேயரே இவ்வாறு சொன்னால் மனம் எப்படி இருந்திருக்கும்! அவர் சினந்திருக்கலாம், அதிகாரத் தோரணையில் கூறிய அறிவுரை என்று ஒதுக்கியிருக்கலாம். அடுத்த மாதத்துக் கடிதத்தில்தான் மேற்படி பதினாறு மணி நேர அட்டவணை வருகிறது. இவையெல்லாம் தம் முன்னோரின் மொழியை அணிசெய்யும் பெரிய காரியத்துக்கான ஆயத்தமே என்றும் அவர் நண்பருக்கு உணர்த்துகிறார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அட்டவணையில் வங்க மொழி எங்கேயும் இல்லை! ஹீப்ருவும் கிரேக்கமும் இலத்தீனும் இருக்கின்றன. தாய்மொழிக்கு ஒரு மணி நேரமும் இல்லை. வாலிபப் பிராயத்தின் இயல்பு இது என்று நாம் புன்னகைத்தோம். அட்டவணையை அவர் எத்தனை நாள் கடைப்பிடித்தாரோ, அது வேறு சங்கதி. பத்து மணிக்குப் படிக்க அமர்ந்து பத்தேகாலுக்கு உறங்கிப்போன இரவுகள் நம் எல்லோருக்கும் உண்டு, அவருக்கும் இருந்திருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஹீப்ரு இலக்கணம் படிப்பது எளிதன்று.

சென்னையில் அவர் எட்டாண்டுகள் இருந்தார். பத்திரிகைகளில் உதவியாசிரியராகவும் ஆசிரியராகவும் உழைத்தார். 1852-இல் சென்னை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். இதனிடையே தாயார் 1851-இலும் தந்தையார் 1855-இலும் மறைந்தனர். உறவினர் சொத்துக்காக வழக்காடிக்கொண்டிருப்பதை 1855-ஆம் ஆண்டின் இறுதியில் கௌர்தாஸின் கடிதம் அவருக்குத் தெரிவித்தது. கிடர்பூர் வீடு கைநழுவும் என்ற நிலையில் அவர் புறப்பட்டு, 1856 பிப்ரவரித் தொடக்கத்தில் கல்கத்தா வந்து சேர்ந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகம்! இதைப் படித்தபோது நமக்கு உள்ளூர ஏற்பட்ட மகிழ்ச்சியை நேயர்கள் மன்னிப்பாராக. பின்னர் அங்கேயே துபாஷி ஆனார்.

1858-இல் பெல்காச்சியா நாடகசாலையில் ‘ரத்னாவளி’ நாடகம் நடந்தபோது, பார்க்க வரும் ஆங்கிலேயருக்காக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணி அவரிடம் வந்தது. வங்க மொழியில் நல்ல நாடகம் இல்லையே என்று வருந்தி, தாமே எழுதப்போவதாகச் சொன்னார். நண்பர்கள் நம்பவில்லை. கல்லூரி நாளில் அவர் வங்க மொழியைப் பொருட்படுத்தாதிருந்ததை அறிந்தவர்கள் அவர்கள், எப்படி நம்புவார்கள்? ‘சர்மிஷ்டா’ நாடகம் 1859-இல் வெளிவந்தது. 1861-இல், அவருடைய முப்பத்தேழாம் பிராயத்தில், ‘மேகநாதவதம்’ வெளிவந்தது. இந்திரஜித்தைத் தலைவனாகக் கொண்டு, எதுகைத் தளையை நீக்கிய புதிய யாப்பில் பாடிய காவியம் அது. ஓராண்டில் மறந்துபோன மொழியில், தாயிடம் அறிந்த அதே இராமாயணக் கதை! அவர் சென்னையில் தமிழ் கற்றதனால்தான் இலங்கை வேந்தன் மகனைப் பாடினார் என்று பெருமை பேச நம்மவர் சிலருக்கு ஆசை எழும். அவர் கடிதங்களில் வழிகாட்டிகளாக வருவோர் ஹோமர், வர்ஜில், மில்டன், காளிதாசர் முதலியோர். நமக்கு அவர் நாள்தோறும் சில மணி நேரம் தந்தார் என்பதே போதும்.

அவரைப் போற்றும் கட்டுரைகள் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. நாம் அங்கே சற்று நிற்க விரும்புகிறோம். 1856-இல் அவர் சென்னையை விட்டபோது ரெபெக்காவும் நான்கு குழந்தைகளும் அங்கேயே இருந்தனர். அவர் அவர்களிடம் திரும்பிச் செல்லவில்லை. பின்னர் ஹென்ரியெட்டா என்னும் பெண்மணி சென்னையிலிருந்து கல்கத்தா வந்து அவருடன் வாழ்ந்தார். ரெபெக்கா சென்னையிலேயே பிள்ளைகளை வளர்த்தார். தாய்மொழிக்குத் திரும்பிய கவிஞரைப் பாராட்டும் நாம், வீட்டுக்குத் திரும்பாத கணவரைப் பாராட்டுவதற்கில்லை. உத்தியோகத்தின் பொருட்டு ஓரூரில் குடும்பத்தை விட்டு மற்றோரூரில் வாழ்வோர் நம்மில் பலர். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, விடுமுறைக்குச் சீட்டு முன்பதிவு செய்ய நாளெண்ணுகிறவர்களுக்கு இந்த வரலாறு நன்கு விளங்கும். காவியம் பெரிதுதான், அந்நான்கு பிள்ளைகளின் கணக்கை அதில் வரவு வைக்க முடியாது.

மதுசூதனர் 1862-இல் சட்டம் பயிலச் சீமைக்குச் சென்றார். பிரான்ஸில் வெர்சாய் நகரில் வறுமையில் வாடினார். ஈசுவரசந்திர வித்தியாசாகரர் அனுப்பிய பணத்தால் மீண்டார். அங்கிருந்தபோதுதான் சாகர்தாரியின் கபோதாட்ச நதியையும் தாய்மொழியையும் நினைந்து வங்க மொழியில் பதினான்கு வரிக் கவிதைகள் பாடினார். 1873 ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். ஹென்ரியெட்டா அதற்கு மூன்று நாள் முன்னரே மறைந்தார். இருவரையும் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பக்கம் செல்லும் நம்மவர் பார்த்து வரலாம்.

வாட்கஞ்சுப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். எத்தனை நாள் ஆகும் என்று நாம் அவளுக்குச் சொல்லவில்லை. பதினாறு மணி நேரம் வேண்டாம், இரவு உணவுக்குப்பின் அரை மணி நேரம் போதும் என்றோம். திருநெல்வேலித் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவரே கற்பிக்க முன்வந்தார். சங்கத்தின் அறையில், பாட்டியும் உடனிருக்க, சென்ற ஐந்து ஞாயிறுகளாகப் பாடம் நடக்கிறது. உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் முடிந்து இப்பொழுது உயிர்மெய்யில் இருக்கிறார்கள். ‘ழ’கரமும் ‘ள’கரமும் எழுத்தில் அவளைச் சிரமப்படுத்துகின்றன; வாயிலோ தவறில்லை. தம்பிக்கும் இதனால் நன்மை விளைந்திருக்கிறது. கற்பிப்பதற்காகப் பழைய பாட நூல்களை ஊரிலிருந்து வரவழைத்தார். அப்பெட்டியில் மாவடுவும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஜாடி சற்றுக் கசிந்து இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் எண்ணெய் படிந்துவிட்டது. பாட்டி அதை முகர்ந்து பார்த்து, எந்த மாதத்து வடு என்று சொல்லிவிட்டார்.

சங்கத்துப் புத்தக அலமாரி ஞாயிறுதோறும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை திறந்திருக்கும். எழுத்துக் கற்க விரும்பும் வாலிபர்களும் பெண்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு வந்தால் போதும். கற்பிக்க இன்னும் இருவர் தேவைப்படுகின்றனர். மழை நாட்களில் வாட்கஞ்சுப் பக்கத்திலிருந்து வருவோர் பின்வாசல் வழியாக வருவது நலம்; முன்வாசலில் நீர் தேங்குகிறது.